அரக்குச் சிவப்பு கறுத்த வருஷம்

என் வயதுக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். பிள்ளையார்பாளையத்தில் சாயம் போடும் வீட்டை யாரும் விசாரித்துப் போனதில்லை. மூக்கு காட்டும் வழியில் போனால் போதும். ஈரப்பட்டு, கொதிக்கும் அரக்கு, புளி, அடுப்புச் சாம்பல். அந்த நாற்றத்தில்தான் நான் வளர்ந்தேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பூனைக்கண். இப்போது புரை விழுந்து எல்லாக் கிழவிகளின் கண் மாதிரி ஆகிவிட்டது. அப்போது தேன் நிறமாக இருக்கும் என்பார்கள். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பாதி ரசம் போயிருந்தது. என் கண்ணை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

சீமைச் சாயம் கடைக்கு வந்துவிட்ட காலம். பச்சை, நீலம் எல்லாம் டப்பாவிலிருந்தே எடுத்துப் போடுவார் அப்பா. கல்யாணக் கூறைச் சேலைக்கு மட்டும் அரக்குச் சிவப்புதான் வேண்டும் என்பார்கள். கொம்பரக்கை இடித்து ஊறவைத்து வடிகட்டி, புளித்தண்ணீர் கலந்து காய்ச்ச வேண்டும். பட்டுநூல் கற்றையை, சிட்டம் என்போம், படிகாரத் தண்ணீரில் நனைத்து அதில் இறக்க வேண்டும். சரியாக வந்தால் மாதுளை முத்து மாதிரி இருக்கும். அந்தச் சிவப்புக்காகவே அப்பாவிடம் வருவார்கள்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை அது கெட்டது. சிட்டத்தைத் தூக்கினால் நாவல்பழம் கசக்கிய நிறம். அப்பா வெயிலில் பிடித்துப் பார்த்தார். நிழலில் பிடித்துப் பார்த்தார். பிறகு கறுப்பாக்கி, கறுப்புச் சேலைக்குக் கொடுத்துவிட்டார்.

அரக்கு பழசு என்றார். வேறு கடையில் வாங்கினார். இரண்டு தடவை நன்றாக வந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். மூன்றாம் தடவை அதே புது அரக்கு, அதே நாவல்பழம்.

எதிர்வீட்டு நெசவுக்காரர் பட்டுதான் கெட்டது. அவருக்கு வீட்டில் நான்கு தறி. அப்பாவைவிட மூத்தவர். அப்பா அவரை அண்ணா என்பார். அவர் கோபப்படவில்லை. சாயக் கொல்லையில் சுவரில் சாய்ந்துகொண்டு விரல் மடக்கினார். போன சனிக்கிழமை கெட்டது. செவ்வாய் நல்லா வந்தது. வியாழன் நல்லா வந்தது. இந்த ஞாயிறு கெட்டது. மடக்கிய விரலோடு என்னைப் பார்த்தார்.

"இஸ்கூல் இருக்குற அன்னிக்கெல்லாம் நல்லா வருது தம்பி. பாப்பா வூட்ல இருந்தா கெட்டுப்போவுது."

அப்பா சிட்டத்தை மறுபடி வெயிலில் பிடித்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. எண்ணிப் பார்த்தேன். பூனைக்கண்ணு."

அவர் எண்ணியது சரிதான். இன்றைக்கும் அதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. நான் இருந்த நாளில் கெட்டது. இல்லாத நாளில் நன்றாக வந்தது. அதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்?

அதன்பிறகு சிவப்புப் போடும் நாளில் என்னை உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். என் வேலைகளை அம்மா செய்தாள். மூன்று வாரம் ஒரு சிட்டமும் கெடவில்லை. அப்பாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. அறைக்குள் சுவருக்குச் சுவர் நடந்தேன். தொட்டிலில் தம்பி, ஐந்து மாதம். அவனை ஆட்டும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நானும் நம்பினேன். அதைச் சொல்லிவிட வேண்டும். கொல்லையில் சுரைக்கொடி இருந்தது. ஒரு சாயங்காலம் விரிந்த பூ ஒன்றைக் கண் கொட்டாமல் பார்த்தேன். காலையில் வாடிக் கிடந்தது. மறுநாள் வேலியின் அந்தப் பக்கம் இருந்த மொட்டின் மேல் அது விரிவதற்கு முன்பே ஓலைக்கூடையைக் கவிழ்த்துவைத்தேன். நான் பார்க்கவில்லை. காலையில் எடுத்தால் அதுவும் வாடிக் கிடந்தது. அன்றைக்குத்தான் தம்பியை நேராகப் பார்த்தேன். சிரித்தான்.

கதவில் ஒரு பலகைக்கும் இன்னொரு பலகைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அடுத்த சிவப்பு அன்று அதில் கண்ணை வைத்து, அப்பா சிட்டத்தை இறக்கியதிலிருந்து தூக்கியது வரை பார்த்தேன். மாதுளை முத்து. சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். நான் பார்த்தேன், ஆனாலும் கெடவில்லை என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தார். சந்து வழியாகப் பார்த்தால் முழுப் பார்வை படாது என்றார்.

அது எனக்குப் பதிலாகப் படவில்லை. ஆனால் ஒன்பது வயதில் எதிர்த்துப் பேசத் தெரியாது.

மாசிக் கடைசியில் அம்மாவுக்குக் காய்ச்சல். முகூர்த்தப் பட்டு காத்திருந்தது. உதவிக்கு ஆள் இல்லை. அப்பா தன் துண்டை மடித்து என் கண்ணைக் கட்டினார். கையைப் பிடித்துக் கிணற்றடியில் விட்டார். வாளியில் நீர் இறைத்தேன். புளியை விரலால் தடவித் தேடி எடுத்து வாளியிலேயே ஊறப்போட்டேன். மத்தியானம் கரைத்துக் கொடுத்தேன். துவைகல்லில் இடித்து முட்டியில் ரத்தம். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, பாப்பா கண்ணாமூச்சி ஆடுதா என்று கேட்டுவிட்டுப் போனார். துண்டை அவிழ்க்கும்வரை நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

சிட்டம் கறுத்தது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. கெடுப்பது கண் இல்லை என்று ஆகிவிட்டதே. அப்பாவும் அதைத்தான் சொன்னார்.

"கண்ணு இல்ல. கை."

கண்ணையாவது மூடலாம். கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எதிர்வீட்டுக்காரர் மறுநாளே வந்து சொல்லிவிட்டார். அவர் குரலில் பகை இல்லை. என் பட்டு இந்த வீட்டில் பாப்பா இருக்கும்வரை வராது என்றார். அவர் சொன்னால் அந்தத் தெருவே சொன்ன மாதிரி. திருமுக்கூடலில் அம்மாவின் அக்கா இருந்தாள். பிள்ளை இல்லை. என்னைக் கேட்டுப் பல நாள் ஆகிறது. பங்குனித் திருவிழா முடிந்ததும் கொண்டுபோய் விடுவதென்று பேசி முடித்தார்கள். விருந்துக்கு இல்லை. அங்கேயே வளர்வதற்கு. அம்மா தம்பிக்குப் பால் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தலையைக்கூட ஆட்டவில்லை.

திருவிழாவுக்கு முன்னால் ஈயம் பூசும் பாய் வந்தார். தையிலேயே வரவேண்டியவர். உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டாராம். தெருமுனையில் குழி தோண்டித் துருத்தி வைத்ததும் எல்லா வீட்டுப் பித்தளையும் அங்கே போய்ச் சேர்ந்தது. அம்மா கொடுத்த தவலையோடு நானாகவே என் வாளியையும் எடுத்துப் போனேன். கொல்லன் அடித்த சின்ன இரும்பு வாளி. ஊரைவிட்டுப் போகும் முன் அது பளபளவென்று இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு.

அந்த வாளி எப்படி வந்தது என்று இங்கே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் சாயத்துக்குப் புளி ஊற ஒரு மண்சட்டி இருந்தது. தைப் பொங்கல் கழிந்து நான்தான் அதைக் கிணற்றடியில் போட்டு உடைத்தேன். அப்பா பித்தளைத் தவலையைத் தொடவிடவில்லை. ஈயம் போன பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், அது சாயத்தைக் கெடுக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இரும்பு ஒன்றும் செய்யாது, வாளியில் ஊறப்போடு என்றார். சமையல் சட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோக எனக்கு அனுமதி இல்லை. எச்சரிக்கையான மனுஷர். அந்த எச்சரிக்கையில்தான் விழுந்தார்.

பாய் வாளிக்குள் நகத்தால் சுரண்டினார். கறுப்பாக ஏதோ வந்தது.

"இதுல ஈயம் நிக்காது பாப்பா. புளி போட்டு வெச்சியா? இரும்ப எப்படித் தின்னு வெச்சிருக்குது பாரு."

விரலை என் பாவாடையில் துடைத்தார். கறுப்பு அப்படியே பதிந்தது. நான் திட்டவில்லை. வீட்டுக்கு ஓடினேன். பாதியில் திரும்பி ஓடிவந்து வாளியை வாங்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் ஒரே கேள்வி கேட்டேன். நான் பள்ளிக்கூடம் போன நாளில் புளியை எதில் ஊறப்போட்டாய் என்று. சமையல் சட்டியில் என்றாள். கிணற்றடிவரை போக யாரால் முடியும், தம்பி அழுதானே என்றாள். ஏன் கேட்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

அப்பா அன்று முசரவாக்கம் போயிருந்தார். வர மாலையாகும். பட்டு கேட்டால் தரமாட்டார். அது பிறத்தியார் பொருள். சிட்டம் கட்டும்போது விழும் வெள்ளைத் துண்டுநூலைக் கொல்லைப்பக்கம் பொறுக்கினேன். இரண்டு சின்ன முடிச்சாக்கினேன். புளியை இரண்டாகப் பிய்த்தேன். ஒன்றை வாளியில், ஒன்றைச் சமையல் சட்டியில் ஊறப்போட்டேன். சட்டியை அம்மாவே எடுத்துக் கொடுத்தாள். ஒரே கிணற்றுத் தண்ணீர். பானையில் மிச்சமிருந்த ஒரே அரக்கு. ஒரே அடுப்பு, ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டையும் என் கையால் கிளறினேன். இரண்டையும் கண்ணைத் திறந்து பார்த்தேன். நேரம் நகரவில்லை. எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அடுப்பைச் சுற்றி நடந்து பாதத்தில் கங்கு பட்டுப் பொத்துவிட்டது.

ஒன்று சிவப்பு. ஒன்று நாவல்பழம்.

அப்பா வந்து கால் கழுவுவதற்குள் நீட்டினேன். அவர் இரண்டு முடிச்சையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டையும் நீதான் பார்த்தியா?"

"பார்த்தேம்ப்பா."

"நீதான் தொட்டியா?"

"நான்தான்."

வாளியைக் கேட்டார். பாய் சுரண்டிய இடத்தைத் தடவினார். கொல்லை மூலையில் ஒரு பானை உண்டு. துரு ஏறிய ஆணியும் வெல்லத் தண்ணீரும் போட்டு மூடி வைத்திருப்பார். கடுக்காயோடு அதைச் சேர்த்தால்தான் கறுப்புச் சாயம் வரும். அவர் அப்பாவும் அப்படித்தான் போட்டார். அந்தப் பானையின் முன் போய் நின்றார். எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னார்.

"இரும்பு கடுக்காயோடதான் கறுக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

மறுநாள் நான் செய்ததையே அவர் செய்து பார்த்தார். அதற்கு மறுநாள் இன்னொரு தடவை. புது மண்சட்டி வாங்கினார். நான் ஊருக்குக் கட்டி வைத்த துணிமூட்டையை அவிழ்த்து என் பாவாடைகளைக் கொடியில் போட்டேன்.

திருவிழா முடிந்ததும் வண்டி வந்தது.

நான் புரியாமல் அப்பாவைப் பார்த்தேன். பெரியம்மாவுக்குச் சொல் கொடுத்தாயிற்று என்றார். கொஞ்ச நாள் என்றார். என்னைத் தூக்கி வண்டியில் வைத்தார். நான் அழவில்லை. வண்டி செவிலிமேடு தாண்டும்வரை, சிவப்பு முடிச்சை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே போனேன். புளிப்பு போகவில்லை.

இப்போது யோசித்தால் விளங்குகிறது. தெருவில் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், கெடுத்தவன் நான்தான் என்று அவர் சொல்ல வேண்டும். புளியை எதில் ஊறப்போடுவதென்று தெரியாத சாயக்காரனிடம் யார் பட்டுக் கொடுப்பார்கள்? பெண்ணின் கை என்றால் பெண்ணை அனுப்பிவிடலாம். தொழிலை எங்கே அனுப்புவது? கணக்குப் போட்டிருப்பார். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

திருமுக்கூடலில் பெரியம்மா வயிறு நிறையச் சோறு போட்டாள். மூன்று ஆறு கூடும் இடம் என்று பேர். நான் போன நேரத்தில் மூன்றிலும் மணல்தான். ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பார்கள். எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. மணலில் கோயில்வரை நடப்பேன், திரும்புவேன். அந்தத் தண்ணீரிலும் புளியை ஊறவைத்து ஆணியைப் போட்டுப் பார்த்தேன். கறுத்தது. பெரியம்மா ஆணியைப் பிடுங்கி எறிந்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் என்னை ஆணிக்காரி என்றார்கள்.

ஆடியில் அப்பா வந்தார். மெலிந்திருந்தார். ஆற்றங்கரையில் என்னோடு உட்கார்ந்தார். சித்திரை முதல் ஒரு சிட்டமும் கெடவில்லை என்றார்.

தெருவில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

மணலைக் கிளறினார். "நீ போனதால நல்லா வருதுன்றாங்க."

பாருங்கள், அதுவும் எண்ணிப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. நான் போனேன், சிவப்பு வந்தது. சட்டி மாறியதை ஒருவரும் பார்க்கவில்லை. முன்னே சந்தேகமாக இருந்தவர்கள்கூட இப்போது நிச்சயமாகச் சொன்னார்களாம்.

"நீ இன்னா சொன்னப்பா?"

அவர் எழுந்து வேட்டி மணலைத் தட்டினார். பெரியம்மா இலை போட்டிருந்தாள். சாப்பிடாமல் போய்விட்டார்.

வீட்டில் நடந்ததை அம்மா பல வருஷம் கழித்துச் சொன்னாள். நான் போன நாளிலிருந்து அவள் அப்பாவோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே அந்த வாளியை வைத்தாள். சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், வாளியை இரண்டு விரற்கடை அவர் பக்கம் நகர்த்துவாள். அப்பா தூக்கி வெளியே வைத்தால் அடுத்த வேளைக்கு அது திரும்ப வந்திருக்கும். ஆடிக்கடைசியில் அது அவர் முழங்காலைத் தொட்டுக்கொண்டு இருந்ததாம்.

ஆவணி பிறந்து ஐந்தாம் நாள் அப்பா வண்டியோடு வந்தார். பெரியம்மா அழுதாள். அவளுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான்தான் முதலில் வண்டியில் ஏறினேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரர் கூறைப்பட்டோடு கொல்லைக்கு வந்தார். பின்னால் அவர் தறியில் நெய்யும் இரண்டு பேர். என்னைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். பாப்பா எப்போது வந்தது என்றார். நேற்று என்றார் அப்பா. எப்போது போகும் என்றார். போகமாட்டாள் என்றார்.

அவர் சிட்டங்களை மறுபடி தோளுக்கு ஏற்றினார். "முகூர்த்தம் பதினஞ்சு நாள்ல இருக்குது தம்பி. வெளையாடாத."

"இன்னிக்கி அவ போட்டாத்தான் சாயம் ணா. இல்லன்னா எடுத்துக்கினு போங்க."

அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வந்தவர் போய்விட்டால் அன்றோடு அந்தத் தெருவில் எங்களுக்கு அடுப்பு எரியாது. எனக்கு அது தெரியும். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவில் நின்றாள்.

எதிர்வீட்டுக்காரர் போகவும் இல்லை, இறக்கவும் இல்லை. கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். அவர் அவனை முறைத்தார். பிறகு பேரம் பேசுகிற குரலில் சொன்னார்.

"சரி, ஒரே ஒரு சிட்டம். பாப்பா கண்ண மூடிக்கினு போடட்டும்."

"அதையும்தான் பார்த்தோமே ணா. தொறந்துக்கினே போடட்டும்."

நான் புளி கரைத்தேன். அப்பா வாங்கிய மண்சட்டியில். படிகாரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சிட்டத்தை இறக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணில் நீர் வழிந்தது. இமைக்காமல் இருக்க முயன்றேன். அவர் பட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். சிட்டத்தில் நான்கு விரல் உயரத்துக்குச் சாயம் ஏறியதும்தான் குனிந்து பானையைப் பார்த்தார்.

தூக்கி அலசி, வெயிலில் விரித்தோம். அவரே காயும்வரை பக்கத்தில் நின்றார். யாரும் சாப்பிடப் போகவில்லை. காய்ந்ததும் ஒரு இழையைப் பிரித்து நாக்கில் வைத்தார். விரலில் சுற்றினார். பல தலைமுறை பட்டுப் பார்த்த வீட்டுக்காரர். மறைக்க முடியாது. மாதுளை முத்துதான்.

இரும்போடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பின்னாளில் கிணறு வற்றி அடிநீர் வந்த ஒரு கோடையில், இரும்பே படாமல் அதே சிவப்பு நீலம் பாய்ந்தது. இருபத்தைந்து வயதில் நான் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. அது வேறு கதை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் சிட்டத்தைக் கீழே வைத்தார். அவமானப்பட்டவர் மாதிரி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி இருந்தார்.

"அப்போ அத்தன நாளு எதுனாலப்பா கெட்டுச்சி?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த ஈரத்தை வேட்டியில் துடைத்தார்.

"என்னால ணா. புளிய இரும்புல ஊறப்போடச் சொன்னவன் நான்தான். சித்திரைக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் இவள அனுப்புனேன்."

எதிர்வீட்டுக்காரர் தோளிலிருந்த மிச்சச் சிட்டங்களை இறக்கினார். அப்பாவிடம் கொடுக்கவில்லை. என் பக்கம் நீட்டினார்.